ஒஸ்ரியோபதி வைத்தியத்தின் வரலாறும் முதியோர் பிணியும்

நோவுற்ற இடத்திற்குக் கை தானாகவே செல்கின்றது. தலை நொந்தால் நெற்றியைப் பற்றுகின்றோம். இடுப்பு நொந்தால் இடுப்பை அழுத்துகின்றோம். முழங்கால் நொந்த முதியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதனைத் தடவிக்கொண்டிருத்தலைக் காண்கின்றோம். இவ்வியல்பான செயலை ஒரு கலையாக வளர்த்தோர் பல நாடுகளிலும் பல காலங்களிலும் இருந்துள்ளனர். எமது நாட்டிலே முறிவு நெறிவு வைத்தியர் பரம்பரை பரம்பரையாக இத்தொழிலை ஆற்றி வருதல் யாவரும் அறிந்ததே. மேனாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலையினின்றும் ஒரு புதுக் கிளை தோன்றித் தனக்கெனக் கொள்கையையும் கல்லூரியையும் பட்டத்தையும் அமைத்துக்கொண்டது. அதுவே 'ஒஸ்ரியோபதி' என்னும் வைத்தியமாகும். என்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் துன்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்து இப்பெயர் ஆயிற்று.

இவ்வைத்தியம் எழுந்த வரலாற்றையும், அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அது இருவேறு வழிகளிற் சென்றமையையும், முதியோர் பிணிகளுக்கு இதன் மென்மையான முறைகள் எத்துணைப் பயன் தரும் என்பதையும் ஈண்டு நோக்குவாம். வரலாறு கற்போர்க்கு இதன்கண் ஒரு நல்ல வினாவும் உண்டு. ஒரு செய்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கொள்கை பிழைபட்ட பின்னரும் அச்செய்கை நிலைத்து நிற்றல் கூடுமோ? கூடுமாயின், அது நிற்பதற்குக் காரணம் யாது? முதியோரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணுவோர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

முன்னோடிகள்

ஒஸ்ரியோபதிக்கு முன்னரே இங்கிலாந்தில் என்பு பொருத்துவோர் பலர் இருந்தனர். இவர்கள் பல்கலைக்கழகம் சென்று கற்றவர்களல்லர். தந்தையிடமிருந்து மைந்தர் கற்ற தொழில் அது. 1730 ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே எப்சம் என்னும் ஊரில் வாழ்ந்த சாரா மாப் என்னும் பெண்மணி இத்தொழிலாற் பெரும்புகழ் எய்தினார். 1736 இல் ஹோகார்த் என்னும் ஓவியர் வைத்தியரை எள்ளித் தீட்டிய சித்திரமொன்றிலே இவ்வம்மையாரின் உருவத்தையும் சேர்த்தார். புகழும் இகழும் ஒருங்கே பெற்ற இவர் அடுத்த ஆண்டில் இறந்தார்.

கற்றறிந்த வைத்தியர் இவர்களைப் பெரும்பாலும் இகழ்ந்தே வந்தனர். எனினும் அவ்விகழ்ச்சியைக் கடந்து நோக்கிய அறிஞரும் இருந்தனர். ஜேம்ஸ் பஜெற் என்னும் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் 1867 இல் ஆற்றிய விரிவுரையொன்றிலே, என்பு பொருத்துவோர் எவ்வகை நோயாளரைக் குணப்படுத்துகின்றனர் என்பதை ஆராய்ந்து, அவர்களிடத்துள்ள நல்லதைக் கொண்டு தீயதைத் தள்ளுமாறு தம் தொழிலாளரை வேண்டினார். அதன்பின் வோர்ட்டன் ஹூட் என்னும் வைத்தியர், ரிச்சட் ஹட்டன் என்னும் என்பு பொருத்துவோரிடம் நேரே பயின்று, தாம் கண்டவற்றை 1871 இல் 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் வெளியிட்டார். ஹட்டன் நோயுற்றபோது ஹூட்டின் தந்தையார் கூலி வாங்காது பார்த்தமைக்குக் கைம்மாறாகவே இக்கல்வி கிடைத்தது என்ப. தொழிலின் இரகசியம் நன்றியுணர்ச்சியால் வெளிப்பட்டமை வரலாற்றில் அருகிய நிகழ்ச்சியே.

இவ்வகையில் கையாற் செய்யும் வைத்தியம் ஒஸ்ரியோபதிக்கு முன்னரே இருந்தது. அதனை நோய்கள் அனைத்தையும் விளக்கும் ஒரு முழுக் கொள்கையாக விரித்தவர் அந்திரூ ரெயிலர் ஸ்ரில் என்னும் அமெரிக்கர் ஆவர்.

ஸ்ரில் என்பாரின் வாழ்க்கை

ஸ்ரில் 1828 ஆம் ஆண்டு ஆகஸ்து மாதம் 6 ஆம் நாள் வேர்ஜினியா மாநிலத்தின் லீ என்னும் பகுதியிற் பிறந்தார். இவர் தந்தையார் மெதடிஸ்த சபைப் போதகர், வைத்தியமும் செய்தவர். அக்குடும்பம் மேற்கு நோக்கி மிசூரி மாநிலத்திற்கும், பின்னர் கன்சாஸ் பிரதேசத்திற்கும் பெயர்ந்தது. கன்சாசிலே ஷோனி என்னும் செவ்விந்திய மக்களிடையே தந்தையார் நடாத்திய மிசனைச் சார்ந்தே மைந்தர் தம் வைத்தியத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் அமெரிக்காவின் எல்லைப்புறங்களில் வைத்தியராதற்குக் கல்லூரிப் பட்டம் இன்றியமையாததன்று. மூத்த வைத்தியர் ஒருவரிடம் பழகிக் கற்றலே வழக்கு. உடற்கூற்றை அறியும் வேட்கையால் ஸ்ரில் செவ்விந்தியரின் புதைகுழிகளைத் தோண்டி எடுத்த உடல்களைக் கொண்டு என்புகளை ஆராய்ந்தார். இதனை அவரே மறையாது எழுதியுள்ளார். உரியவர் இசைவின்றி எடுக்கப்பட்ட உடல்களின்மீது அவரது அறிவு கட்டப்பட்டது என்பதை நாமும் மறத்தலாகாது.

அடிமை வழக்கை ஒழித்தல் வேண்டும் என்ற கட்சியினராகிய ஸ்ரில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதியார் பக்கத்திற் பணிபுரிந்தார். 1864 ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையின் பெருந்திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டில் மூளை முள்ளந்தண்டுச் சவ்வைப் பற்றும் காய்ச்சல் அவர் இல்லத்திற் புகுந்து மூன்று பிள்ளைகளைக் கொண்டு சென்றது. வைத்தியர்கள் வந்தனர், போதகர்கள் வந்து செபித்தனர், தம் தொழிலறிவு முழுவதையும் அவரும் பயன்படுத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. தாம் கற்ற வைத்தியத்தில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை அன்றே தகர்ந்தது.

அக்கால வைத்தியத்தின் நிலையை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். நோய்க்கிருமிகள் பற்றிய கொள்கை அப்பொழுதுதான் ஐரோப்பாவில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. குருதி வடித்தலும், கடும்பேதி கொடுத்தலும், கலோமல் என்னும் இரசச் சேர்வையை அள்ளி வழங்குதலும், அபின் கலந்த மருந்துகளும் சாராயமும் ஊட்டுதலும் பலவிடத்தும் வழக்கிலிருந்தன. இரசத்தால் ஈறு வீங்கிப் பல் விழுந்தோர் பலர். அபினுக்கு அடிமையானோரும் பலர். நோயினால் வருந்தியவர் வைத்தியத்தினாலும் வருந்தினர். இச்சூழலில், மருந்தைத் தவிர்த்தலே நன்று என ஒருவர் முடிவு செய்தல் வியப்பன்று.

பத்தாண்டு கழிந்தபின், 1874 ஆம் ஆண்டு யூன் மாதம் 22 ஆம் நாள், தமது புதிய கொள்கையை வெளியிட்டதாக ஸ்ரில் தம் சுயசரிதையிற் குறித்துள்ளார். கன்சாசிலுள்ள பேக்கர் பல்கலைக்கழகத்தில் அதனை எடுத்துரைக்க அவர் இடம் வேண்டினார். அப்பல்கலைக்கழகத்தை நிறுவுதற்கு உதவிய குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. ஆயினும் இடம் மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கும் பல்லாண்டுகள் வறுமையும் ஏளனமும் அவரைத் தொடர்ந்தன. ஒருகால் தம்மைக் காந்த வைத்தியர் எனவும், ஒருகால் மின்னல் வேகத்தில் என்பு பொருத்துவோர் எனவும் விளம்பரஞ் செய்துகொண்டு ஊரூராகச் சென்றார். ஒஸ்ரியோபதி என்னும் பெயர் 1880 ஆம் ஆண்டுகளிலேதான் வழங்கத் தொடங்கிற்று.

கொள்கை

ஸ்ரில் கொண்ட கொள்கையைச் சுருங்கக் கூறின், பின்வருமாறு அமையும். உடல் ஒரு முழுப் பொருள். அதன் உறுப்புக்கள் தனித்தனியே நோயுறுவனவல்ல. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலும், தனக்கு வேண்டிய மருந்துகளைத் தானே ஆக்கும் ஆற்றலும் உடலுக்கு உண்டு. அமைப்பும் தொழிலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. என்புகள், சிறப்பாக முள்ளந்தண்டின் என்புகள், தம் நிலையினின்றும் சிறிது பிறழ்ந்தால், நரம்புகளும் குருதிக் குழாய்களும் நெருக்குண்டு, குருதியோட்டம் தடைப்பட்டு, நோய் தோன்றும். ஆதலின் பிறழ்ந்த என்பைக் கையால் நேராக்கித் தடையை நீக்கினால் நோய் நீங்கும்.

சிறுவயதில் தமக்கு நேர்ந்த தலைவலியை, இரு மரங்களுக்கிடையே தாழக் கட்டிய கயிற்றின்மீது கழுத்தைச் சாய்த்துப் படுத்துத் தாம் போக்கிய செய்தியை ஸ்ரில் பிற்காலத்தில் எடுத்துக்காட்டாகக் கூறுவர். அச்சிறு நிகழ்ச்சியில் உண்மை இருத்தல் கூடும். கழுத்துத் தசை இறுகுதலால் வரும் தலைவலி கழுத்தைத் தாங்கித் தளர்த்துவதால் தணிதல் உண்டு. அவ்வுண்மையைக் காய்ச்சல், வயிற்றுளைவு, தொண்டை அடைப்பான் ஆகிய எல்லா நோய்க்கும் விரித்தமையே குறை. நோய்க்கிருமிகளின் இயல்பு தெளிவான பின்னர், முள்ளந்தண்டின் பிறழ்ச்சியே நோய்களுக்கெல்லாம் மூலம் என்னும் கொள்கை நிற்றல் இயலாதாயிற்று. கொள்கையின் நான்கு கூறுகளுள் முன் மூன்றையும் பொதுவான மெய்ம்மைகளாக எவரும் ஏற்பர். நான்காவதே ஸ்ரில் என்பாரின் தனிக் கண்டுபிடிப்பு. அதுவே தோற்றதும் ஆகும்.

கேர்க்ஸ்வில் கல்லூரி

1892 இல் அமெரிக்க ஒஸ்ரியோபதிக் கல்லூரி கேர்க்ஸ்விலில் நிறுவப்பட்டது. முதல் வகுப்பில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட மாணவரே இருந்தனர். அவர்களுட் பெண்களும் இடம் பெற்றமை குறிப்பிடற்பாலது. அக்காலத்து வைத்தியக் கல்லூரிகள் பல பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. எடின்பரோவில் வைத்தியம் பயின்ற வில்லியம் சிமித் என்னும் ஸ்கொத்லாந்தர் உடற்கூற்றியல் கற்பித்தார். பத்தாண்டுக்குள் அச்சிற்றூர் ஒரு யாத்திரைத் தலம்போல் ஆயிற்று. புகைவண்டிகளில் நோயாளர் வந்திறங்கினர். அவர்களுக்கெனத் தங்குவிடுதிகள் எழுந்தன. 1896 இல் வேர்மொன்ற் மாநிலம் ஒஸ்ரியோபதி வைத்தியத்தைச் சட்டத்தால் அனுமதித்தது. அடுத்த ஆண்டில் மிசூரியும் அவ்வாறு செய்தது.

இவ்வெழுச்சிக்குக் காரணம் யாது? கொள்கையின் வலிமை என்பர் அதன் அடியார். பாமரரின் அறியாமை என்பர் அதன் பகைவர். இரண்டும் முழு விடையாகா. முதலாவதாக, அந்நாளில் மருந்துண்ணாது விடுதலே பல நோயாளர்க்கு நன்மையாயிருந்தது. இரசமும் அபினும் கொள்ளாதவன், கொண்டவனிலும் விரைவில் தேறுதல் இயல்பே. இரண்டாவதாக, முதுகு நோவு, கழுத்துப் பிடிப்பு, தோள்மூட்டு இறுக்கம் முதலியவற்றிற் கைவைத்தியம் மெய்யாகவே ஆறுதல் அளித்தது. மூன்றாவதாக, வைத்தியர் நோயாளியைத் தொட்டு, அவர் அருகில் நெடுநேரம் இருந்தார். இம்மூன்று காரணங்களையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதியோர் பற்றிப் பேசுமிடத்து இவை மீண்டும் வரும்.

ஸ்ரில் 1917 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 12 ஆம் நாள், தமது எண்பத்தொன்பதாம் வயதிற் கேர்க்ஸ்விலில் இறந்தார்.

இரு நாடுகள், இரு வழிகள்

அமெரிக்காவில் ஒஸ்ரியோபதியார் தம் நிறுவுநரின் மருந்து வெறுப்பைப் படிப்படியாகக் கைவிட்டனர். வைத்தியக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910 இல் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கை, பிற கல்லூரிகள் பலவற்றைப்போலவே ஒஸ்ரியோபதிக் கல்லூரிகளையும் வன்மையாகக் கண்டித்தது. அக்கண்டனத்தின்பின் விஞ்ஞானப் பாடங்கள் மிகுந்தன. மருந்தியலும் சத்திர சிகிச்சையும் இடம் பெற்றன. ஏனைய வைத்தியரோ அவர்களை நெடுங்காலம் சமமாக மதிக்கவில்லை. 1962 இல் கலிபோர்ணியா மாநிலத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அம்மாநிலத்து ஒஸ்ரியோபதியார் 65 டொலர் கட்டணஞ் செலுத்திப் பொது வைத்தியப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டனர். அவர்களது கல்லூரியும் பொது வைத்தியக் கல்லூரியாக மாறிற்று. நேற்றுவரை போலி வைத்தியர் எனப்பட்டோர் ஒரு கட்டணச்சீட்டினால் மெய் வைத்தியராதல் எங்ஙனம்? அவர்கள் பெற்ற கல்வி ஏற்கெனவே ஏனையோர் கல்விக்கு ஏறக்குறைய நிகராயிருந்தது என்பதே விடை. 1966 இல் அமெரிக்கப் படைகளிலும் ஒஸ்ரியோபதியார் வைத்திய அதிகாரிகளாக அனுமதிக்கப்பட்டனர். 1973 அளவில் எல்லா மாநிலங்களிலும் முழு வைத்திய உரிமை கிடைத்தது. இக்காலத்தில் அமெரிக்க வைத்திய மாணவருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் ஒஸ்ரியோபதிக் கல்லூரியிற் பயில்கின்றனர். அவர்கள் மருந்து எழுதுவர். சத்திர சிகிச்சை செய்வர். கையால் வைத்தியஞ் செய்வோரோ அவர்களுட் சிலரே.

பிரித்தானியாவில் வரலாறு வேறாயிற்று. கேர்க்ஸ்விலில் ஸ்ரில் என்பாரிடம் பயின்ற ஜோன் மாட்டின் லிற்றில்ஜோன் என்னும் ஸ்கொத்லாந்தர், 1917 இல் இலண்டனில் பிரித்தானிய ஒஸ்ரியோபதிக் கல்லூரியை நிறுவினார். நாடகாசிரியர் பேர்ணாட் ஷா போன்றோர் இவ்வைத்தியத்திற்காகப் பரிந்து பேசினர். 1935 இல் ஒஸ்ரியோபதியாரைச் சட்டத்தாற் பதிவு செய்தல் பற்றிய மசோதாவொன்றைப் பிரபுக்கள் சபையின் தெரிவுக் குழு ஆராய்ந்தது. சாட்சியங்கள் ஒஸ்ரியோபதியார்க்குப் பெரும் இழுக்கை விளைத்தன. எல்லா நோய்க்கும் முள்ளந்தண்டே மூலம் என்னும் கூற்று வினாக்களின் முன் நிற்க மாட்டாதாயிற்று. லிற்றில்ஜோன் நடாத்திய கல்லூரியும் கடுங்கண்டனத்திற்கு ஆளாயிற்று. மசோதா மீளப்பெறப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர்கள் தாமே ஒரு பதிவேட்டை அமைத்துத் தம்மைத் திருத்திக்கொள்ள முற்பட்டனர். அதன்பின் அரைநூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1993 இல் ஒஸ்ரியோபதியார் சட்டம் நிறைவேறிற்று. இன்று பதிவு பெறாதவர் அந்நாட்டில் அப்பெயரைத் தாங்குதல் குற்றமாகும். ஆயினும் அவர்கள் முழு வைத்தியரல்லர். என்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் நோவைக் கையால் தணிக்கும் தொழிலினர்.

அமெரிக்க ஒஸ்ரியோபதி, பொது வைத்தியத்தோடு இணைந்து தன் தனித்தன்மையிற் பெரும்பகுதியை இழந்தது. பிரித்தானிய ஒஸ்ரியோபதி, தன் கைத்தொழிலைக் காத்துக்கொண்டு தன் பரந்த கோரிக்கைகளை இழந்தது. ஸ்ரில் என்பார் கனவு கண்டதுபோல் பழைய வைத்தியத்தை வென்று அதன் இடத்தைப் பிடித்தல் எவ்விடத்தும் நிகழவில்லை.

மென்மையான முறைகள் தோன்றியமை

தொடக்க காலத்துக் கைவைத்தியம் பெரும்பாலும் வேகமான தள்ளலையும் திருகலையும் சார்ந்தது. மூட்டிலிருந்து 'சடக்' என்னும் ஒலி எழுதலைச் சிலர் வெற்றிக்கு அடையாளமாகக் கொண்டனர். இளைஞரின் உடல் அதனைத் தாங்கும். முதியோரின் உடலோ வேறு. ஆண்டுகள் ஏற என்பின் சுண்ணச் செறிவு குறைகின்றது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் இக்குறைவு விரைகின்றது. முள்ளந்தண்டென்பு சிறு சுமையாலும் நசுங்குதல் கூடும். விலாவென்பு அழுத்தத்தால் முறிதல் கூடும். கழுத்தின் வழியாக மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளும் நெகிழ்ச்சி இழந்திருக்கும். இவற்றின்மேல் வேகமாகத் திருகுதல் தீங்காய் முடியும்.

இருபதாம் நூற்றாண்டில் ஒஸ்ரியோபதியாரிடையே மென்மையான முறைகள் பல தோன்றின. ஒன்றில், நோயாளி தம் உறுப்பை வைத்தியரின் கைக்கு எதிராக மெல்லத் தள்ளுவர். சில கணங்களின்பின் தளர்த்துவர். அத்தளர்ச்சியில் வைத்தியர் மூட்டைச் சிறிது மேலும் அசைப்பர். தோள்மூட்டைப் படிப்படியாக ஏழு வகையில் அசைக்கும் ஸ்பென்சர் முறையும், மார்பை மெல்ல அழுத்தி விடுத்து மூச்சையும் நிணநீரோட்டத்தையும் தூண்ட முயலும் முறையும் அந்நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தன. 1955 இல் ஒறிகன் மாநிலத்து லோறன்ஸ் ஜோன்ஸ் என்னும் ஒஸ்ரியோபதியார், முதுகு நோவால் நிமிரவும் உறங்கவும் இயலாத ஒருவரைத் தலையணைகளால் தாங்கி, நோவில்லாத நிலையொன்றிற் படுக்கவிட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது அவர் நிமிர்ந்து நின்றார். நோவெடுக்கும் புள்ளியைக் கண்டு, நோவு தணியும் நிலையில் உடலைச் சிறிதுநேரம் வைத்திருத்தல் என்னும் முறை அதன்வழி எழுந்தது. இதிலே தள்ளலும் இல்லை, திருகலும் இல்லை.

மண்டையோட்டு முறை தனித்து நோக்கற்பாலது. கேர்க்ஸ்விலில் 1900 இற் பட்டம் பெற்ற வில்லியம் கார்ணர் சதர்லன்ட், மண்டையோட்டு என்புகளின் விளிம்புகள் சரிந்து பொருந்தியிருத்தலைக் கண்டு, அவை மீனின் செவுள்போல் அசைதற்கு அமைந்தன எனக் கருதினார். அவ்வென்புகள் ஒருவகைத் தாளத்தோடு அசைகின்றன என்றும், அதனைக் கையால் உணர்ந்து திருத்தலாம் என்றும் 1939 இல் நூலெழுதினார். இம்முறையில் வைத்தியர் தலையை மிக இலேசாகத் தாங்கியிருப்பரேயன்றி வேறொன்றும் செய்வதாகத் தோன்றாது. அதனால் முதியோர்க்கும் குழந்தைகட்கும் ஏற்றதெனப் பலரும் இதனை விரும்புகின்றனர். ஆனால் ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே தொட்டு அத்தாளத்தை எண்ணியபோது, அவர்களின் எண்ணிக்கைகள் ஒத்துவரவில்லை. ஒருவர் உணர்ந்ததை மற்றொருவர் உணர மாட்டாராயின், அது நோயாளியின் தலையில் உள்ளதோ, வைத்தியரின் கருத்தில் உள்ளதோ என்னும் ஐயம் எழுகின்றது. மென்மை என்பது தீங்கின்மைக்குச் சான்றாகலாம், பயனுக்குச் சான்றாகாது.

முதியோரும் ஆராய்ச்சியும்

கைவைத்தியத்தை முறையான சோதனைக்கு உட்படுத்துதல் அண்மைக்காலத்திலேயே பெருகிற்று. 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், முதுகு நோவுடைய 155 பேரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினர்க்குப் பொது வைத்தியமும் மற்றப் பகுதியினர்க்கு ஒஸ்ரியோபதியும் அளித்தனர். பன்னிரண்டு வாரத்தின் பின் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்திருந்தனர். ஆயின் ஒஸ்ரியோபதி பெற்றவர்கள் உட்கொண்ட மருந்து குறைவாயிருந்தது. பிரித்தானியாவில் 1334 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2004 இல் வெளியிட்ட பேராராய்ச்சியும் முதுகு நோவிற் கைவைத்தியத்தால் ஓரளவு நன்மை உண்டெனக் காட்டிற்று. ஆனால் முன்னையதில் 59 வயதிற்கும், பின்னையதில் 65 வயதிற்கும் மேற்பட்டோர் சேர்க்கப்படவில்லை. நோவு மிக்க பருவத்தினரே சோதனைக்குப் புறத்தே நின்றனர். இளையோரிடம் கண்டதை முதியோர்க்கும் பொருந்துமெனக் கொள்ளுதல் ஊகமேயாகும்.

முதியோரையே நோக்கிய ஆராய்ச்சிகள் சிலவே. அவற்றுள் இரண்டு நம் கருத்தை ஈர்ப்பன.

முதலாவது, 2008 இல் வெளியானது. நெடுநாட் சுவாசத் தடைநோயுடைய, 65 வயதை எட்டிய அல்லது கடந்த 35 பேரை அது ஆராய்ந்தது. ஒரு முறை கைவைத்தியஞ் செய்தபின் சுவாசத்தை அளந்தபோது, சுவாசப்பையில் வெளியேறாது தங்கும் காற்று குறையவில்லை, கூடியிருந்தது. எனினும் வைத்தியம் பெற்றோருட் பலர் தமக்கு நன்மை விளைந்ததாகவே கூறினர். உடலின் அளவும் உள்ளத்தின் உணர்வும் இங்கு ஒன்றுக்கொன்று மாறுபட்டு நின்றன. கைவைத்தியத்தின் வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ளுதற்கு இவ்வொரு செய்தி பேருதவி புரியும். கேர்க்ஸ்விலுக்குப் புகைவண்டியிற் சென்று திரும்பியோர் கூறிய சாட்சியங்கள் பொய்யல்ல. அவர்கள் நலமாக உணர்ந்தனர், உணர்ந்ததைக் கூறினர். அவ்வுணர்வு மட்டும் நோய் நீங்கியமைக்குச் சான்றாகாது.

இரண்டாவது, சுவாசப்பை அழற்சியாகிய நியுமோனியா பற்றியது. 1918 ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலிலே தம் நோயாளர் ஏனையோரிலும் மிகக் குறைவாகவே இறந்தனர் என ஒஸ்ரியோபதியார் நெடுங்காலம் கூறிவந்தனர். அக்கணக்குகள் அவர்களே தொகுத்தவை. ஒப்பிடற்குரிய வேறு பகுதியினர் முறையாக வகுக்கப்படவில்லை. அப்பழைய கூற்றின் உண்மையை அறிதற்கு ஏற்ற ஓர் ஆராய்ச்சி 2010 இலேதான் வெளிவந்தது. ஏழு வைத்தியசாலைகளில், 50 வயதும் அதற்கு மேலுமுள்ள 406 நியுமோனியா நோயாளர் மூன்று பகுதியினராக வகுக்கப்பட்டனர். எல்லார்க்கும் வழக்கமான மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு மருந்து மட்டும். ஒரு பகுதியினர்க்கு மருந்தோடு ஒஸ்ரியோபதி. மற்றப் பகுதியினர்க்கு மருந்தோடு, அதே இடங்களில் இலேசாகக் கைவைத்தல் மட்டும். சேர்க்கப்பட்டோர் அனைவரையும் கணக்கிட்டபோது மூன்று பகுதியினர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வகுத்த முறைப்படி வைத்தியத்தை முழுமையாகப் பெற்றோரை மட்டும் கணக்கிட்டபோது, ஒஸ்ரியோபதி பெற்றோர் மருந்து மட்டும் பெற்றோரிலும் ஏறக்குறைய ஒரு நாள் முந்தி வைத்தியசாலையை விட்டு நீங்கினர். ஆனால் இலேசாகக் கைவைக்கப்பட்டோர்க்கும் அவர்களுக்குமிடையே தெளிவான வேறுபாடு இல்லை. அரும்பாடுபட்டுக் கற்ற முறையும், வெறுங்கை வைத்தலும் ஏறத்தாழ ஓரிடத்தே வந்து நின்றன.

ஆய்ந்து தெளிதல்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை காண்பாம். ஒஸ்ரியோபதியின் தனிக் கொள்கை தோற்றது; செய்கை நிலைத்தது. நிலைத்தமைக்குக் காரணமாக முன்னர்க் கூறிய மூன்றனுள், மருந்தின் தீங்கைத் தவிர்த்தல் என்பது முதலாவது. இரசமும் அபினும் நீங்கி, கிருமிகளை அழிக்கும் நன்மருந்துகள் வந்தபின் அக்காரணம் மறைந்திருத்தல் வேண்டும். இளையோர் அளவில் அது பெரும்பாலும் மறைந்தே விட்டது. நியுமோனியா கண்டவரை மருந்தின்றிக் கையால் மட்டும் குணப்படுத்த முயலுதல் இன்று கொலைக்கு ஒப்பாகும். முதியோர் அளவிலோ அக்காரணம் வேறு வடிவில் மீண்டுள்ளது. குருதியழுத்தத்திற்கு ஒன்று, நீரிழிவிற்கு ஒன்று, இதயத்திற்கு ஒன்று, உறக்கத்திற்கு ஒன்று என நாளொன்றுக்குப் பல மாத்திரைகளை விழுங்கும் முதியவர்க்கு, மூட்டு நோவிற்கென மேலும் ஒன்றைச் சேர்க்கும்போது வயிற்றிற் குருதி கசிதலும் சிறுநீரகம் பழுதுறுதலும் நிகழ்தல் கூடும். அவர்க்கு ஒரு மாத்திரையைக் குறைத்தலும் நல்ல வைத்தியமே. 1999 ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் மருந்தின் அளவு குறைந்தமை இவ்வகையிற் கருதத்தக்கது. முதியோரிடத்தும் அது மெய்யாமோ என்பதே இனி ஆராயப்பட வேண்டியது.

இரண்டாம் காரணமாகிய நோவு தணித்தல், எல்லைக்குட்பட்ட உண்மை. முதுகு, கழுத்து, தோள் ஆகியவற்றின் நோவில் மென்மையான கைவைத்தியம் ஓரளவு உதவும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. என்பு தேய்ந்தவர்க்கும், குருதி உறையாமைக்கு மருந்துண்பவர்க்கும், முன்பு புற்றுநோய் கண்டவர்க்கும், விழுந்தபின் நோவு தொடங்கியவர்க்கும் முதலில் வேண்டியது நோயின் காரணத்தை வைத்தியர் ஆராய்தலாகும். இரவில் ஓயாத நோவு, காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், கால் மரத்தல், சலம் அடங்காமை என்பன இருப்பின் எவர் கையும் முதுகில் படுமுன் வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். முதியவர் நோவைக் கிழப்பருவத்தின் இயல்பென்று தள்ளி, தடவுவித்து ஆறுதல் கூறி அனுப்புதல், மறைந்திருக்கும் நோய்க்கு நாள் கொடுப்பதாய் முடியும்.

மூன்றாம் காரணம் தொடுதலும் உடனிருத்தலும் ஆகும். 2010 ஆம் ஆண்டு ஆராய்ச்சியிற் கைவைக்கப்பட்ட முதியோர் நமக்குச் சுட்டுவது இதனையே போலும். துணையை இழந்து, நண்பரை இழந்து, பிள்ளைகள் அயல்நாடு சென்ற வீட்டில் வாழும் முதியவரை நாளெல்லாம் எவரும் தொடுவதில்லை. அரைமணி நேரம் ஒருவர் அருகிருந்து, நொந்த இடத்தைப் பொறுமையோடு பற்றி, எங்கே நோகின்றது என வினவுதல் அவர்க்குக் கிடைத்தற்கரிய பேறு. இதனைப் பயனற்றதென இகழ்தல் அறிவுடைமையன்று. இதனையே நோய் நீக்கும் மருந்தென விற்றலும் நேர்மையன்று. ஆறுதலுக்கு ஆறுதல் என்றே பெயரிட்டு வழங்கும்போது முதியவர் ஏமாற்றப்படுவதில்லை. அவருக்கு வேண்டிய மருந்தும் தடைப்படுவதில்லை.

தம் மூன்று பிள்ளைகளையும் கொண்டு சென்ற நோய்க்கு மருந்து காணாது வாடிய ஸ்ரில், தம் காலத்து வைத்தியத்தின் குறையைச் சரியாகவே கண்டார். அதற்கு ஈடாக அவர் தந்த விளக்கம் பிழைத்தது. அக்குறையைத் தீர்த்தது அவர் வெறுத்த மருந்தியலே; அப்பிள்ளைகளைக் கொன்றது போன்ற காய்ச்சல்களுட் பலவற்றை இன்று தடுப்பூசியும் கிருமிகொல்லி மருந்துகளும் வெல்கின்றன. வரலாற்று மாணவர் ஒரு கொள்கையை மதிப்பிடும்போது அது எழுந்த துன்பத்தை இரக்கத்தோடும், அது கூறும் கோரிக்கையை அளவுகோலோடும் நோக்கப் பழகுதல் வேண்டும். எம் இல்லத்து முதியோர்க்கு மாத்திரையை வேளை தவறாது எடுத்துக் கொடுக்கும் கை, அவர்தம் முழங்காலையும் சிறிதுநேரம் பற்றியிருக்குமாயின், அதற்குப் பட்டமும் வேண்டுவதில்லை, கொள்கையும் வேண்டுவதில்லை.